மடியிலயா, தலையிலயா, கையிலயா

திருட்டு என்ற சொல் காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் வருவது எந்தத் திருடனும் இல்லை, எங்கள் ரைட்டர்தான். அந்த மனுஷர் ஜென்மத்தில் அடுத்தவன் குண்டூசியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் திருட்டுக்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை உண்டோ அத்தனையும் அவர் கைக்குள் இருந்தது. பெயர் சொல்லமாட்டேன். அவர் பிள்ளைகள் எங்கேயாவது நன்றாக இருப்பார்கள், இருக்கட்டும்.

ராயபுரத்தில் கடலை ஒட்டி இருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கிடங்கு அது. முதல் யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரங்கூன் அரிசி, கொப்பரை, செம்பு ஆணி, பீங்கான் என்று கப்பலில் வருவதெல்லாம் அங்கே இறங்கி, ரயிலேறிப் போகும். அவர் ரிப்போர்ட் எழுதுகிறவர், நான் அதை டைப் அடிக்கிறவன். அவருக்கு என்னைவிட இரண்டு வயது கூடுதல். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ். நான் தண்டையார்பேட்டைக்காரன், எனக்கு எழுத்துக் கூட்டி அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். பத்து வருஷம் எதிரெதிர் மேஜையில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிடங்குக்கு ஒரே வாசல். மற்ற மூன்று பக்கமும் உயரமான சுவர், சுவர்மேல் கண்ணாடிச் சில்லு. சாயங்காலம் சங்கு ஊதியதும் வாசலில் சோதனை நடக்கும். மூட்டை தூக்குகிறவர்களும் கூட்டிப் பெருக்குகிற பெண்களும் வரிசையில் நின்று, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போகவேண்டும். எங்களைப் போல நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குச் சோதனை கிடையாது. யாரிடமாவது ஏதாவது அகப்பட்டால் பாராக்காரர் தாவூது அந்த ஆளை எங்கள் அறைக்குக் கொண்டுவந்து நிறுத்துவார்.

"ரைட்டரே, இன்னிக்கு ஒண்ணு மாட்டிகிச்சு. எய்துங்கோ."

ரைட்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். பேனா முள்ளைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்பார்.

"மடியிலயா, தலையிலயா, கையிலயா?"

மடியில் என்றால் ஒளித்துக் கொண்டுபோனது. தலையில் என்றால் முண்டாசுக்குள்ளோ சும்மாட்டுக்குள்ளோ, பாதி ஒளிவு. கையில் என்றால் எல்லோரும் பார்க்கக் கொண்டுபோனது. எத்தனை பிள்ளைகள், வீட்டில் அடுப்பு எரிந்ததா என்றெல்லாம் கேட்கமாட்டார். அவருக்கு வேண்டியது இந்த ஒரு பதில்தான். கிடைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு வார்த்தைக்கு இந்தப் பாடா என்று நினைப்பேன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. எங்கள் பழைய துரை ரிப்போர்ட்டில் தலைப்பு வரியைத் தாண்டி ஒரு எழுத்துப் படிக்கமாட்டார். தலைப்பில் 'தெஃப்ட்' என்று இருந்தால் போலீஸ், கோர்ட்டு, ஜெயில். 'பில்ஃபரேஜ்' என்று இருந்தால், ஏதோ சில்லறையாகக் கிள்ளிவிட்டான் என்று கூலியில் பிடித்தம். 'ஸ்வீப்பிங்ஸ்' என்றால் தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளியது, ஒரு அதட்டலோடு போச்சு. மேஸ்திரி எடுத்தால் 'அனுமதியில்லாமல் அகற்றியது' என்பதற்கு நீளமாக ஒரு வார்த்தை. குமாஸ்தா எடுத்தால் 'இர்ரெகுலாரிட்டி', அதாவது ஒழுங்குக் குறைவாம். யார் எடுத்தது என்றே தெரியாவிட்டால் 'ஷார்ட்டேஜ்'.

"ஷார்ட்டேஜுன்னா என்னன்னு தெரியுமாவே? கப்பல்ல வந்த எலி தின்னுட்டுன்னு அர்த்தம்" என்பார் சிரிக்காமல்.

"பொய்தானே சார் அது?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

அடேயப்பா, அவருக்கு வந்த கோபம்! "நான் பொய் எழுத மாட்டேன்வே. பொறந்ததுல இருந்து ஒரு பொய் சொன்னதில்ல. உள்ளதுக்கு எந்த வார்த்த பொருந்துதோ அத எடுக்கேன். ஒளிச்சாத்தான் திருட்டு. ஊரு பாக்கக் கையில கொண்டு போறவளை எப்படிவே திருடின்னு எழுதச் சொல்லுதீரு?"

அது வாய்ப்பேச்சு இல்லை. அவருடைய சொந்த மச்சானுக்கு அவர்தான் சிபாரிசு செய்து கிடங்கில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தார். அந்தப் பிள்ளையாண்டான் மூன்றாவது மாதம் செம்பு ஆணியோடு அகப்பட்டான். அதே கேள்வி. மடியில் என்றார் தாவூது. ரைட்டர் கண்ணை மூடினார், திறந்தார், 'தெஃப்ட்' என்று எழுதினார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மச்சான் ஜெயிலுக்குப் போனான். அவர் சம்சாரம் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. சோற்றைத் தட்டில் போட்டுத் தரையில் நக்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாளாம். எனக்கு அவரிடம் மரியாதை வந்ததும் அன்றைக்குத்தான், பயம் வந்ததும் அன்றைக்குத்தான்.

அவரிடம் காலிகோ அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. யானைக்கவுனியில் பழைய சாமான் கடை ஒன்றில் ஒரு கிழிந்த இங்கிலீஷ் அகராதி வாங்கி, அதிலிருந்து பொறுக்கிப் பொறுக்கி எழுதுவார். இடது பக்கம் முழுக்கத் திருட்டு. வலது பக்கம் என்னவென்று கேட்டேன்.

"அது சல்லிசா கெடைச்சதுக்கு உள்ள வார்த்தை. பார்கெய்ன், பிக்கப், ஃபார் எ ஸாங்... ஸாங்குன்னா பாட்டு. ஒரு பாட்டுக்கு வாங்கினேன்னு அர்த்தம். யாரு பாடினான்னு கேக்கப்படாது."

"எதுக்கு சார் ரெண்டையும் ஒரே நோட்டுல வச்சிருக்கீங்க?"

"இடது பக்கம், வாசல்ல சோதனை போடுதவங்களுக்கு. வலது பக்கம், சோதனை இல்லாமப் போறவங்களுக்கு."

வலது பக்கத்துக்கும் வேலை இருந்தது. பீங்கான் பெட்டி ஒன்று வரும். ஒரு மூலையில் லேசாக ஈரம் பட்டிருக்கும். கடல் தண்ணீரில் கெட்டுப்போன சரக்கு என்று பெட்டி முழுவதையும் ஒதுக்கிவைப்பார்கள். பிறகு கிடங்குக்குள்ளேயே ஒரு ஏலம். ஏலத்துக்கு வருகிறவர் ஒருவர்தான், துரை. அடிமாட்டு விலைக்குப் பெட்டி அவர் பங்களாவுக்குப் போகும். அதற்கும் காகிதம் எழுதுவது ரைட்டர்தான். அப்போதும் கண்ணை மூடி அரை நிமிஷம் உட்காருவார். 'பார்கெய்ன்' என்று எழுதுவார். எழுதிவிட்டு முள்ளை இரண்டு தடவை துடைப்பார்.

வெளியே இந்த மனுஷர் பேரம் பேசமாட்டார். காசிமேட்டில் மீன் வாங்கும்போது மீன்காரி சொன்னதை அப்படியே கொடுப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்கு மானம் போகும். ஒருநாள் மீன்காரிக்கே பொறுக்கவில்லை.

"இன்னா நைனா, ஒரு வார்த்த கொறச்சிக் கேளேன்! நீ பாட்டுக்கு எட்த்து நீட்டறே, எனக்குத் துன்றது செரிக்க மாட்டேங்குது" என்று சொல்லி, இரண்டு மீனை அதிகமாக அவர் பையில் போட்டாள். அவர் அந்த இரண்டையும் எடுத்துத் திரும்ப அவள் கூடையில் வைத்தார்.

"பேரம் பேசினா, ஜெயிச்சவன் ஒரு வார்த்தை சொல்லுவான், தோத்தவன் வேற வார்த்தை சொல்லுவான். எதுக்குவே அந்தப் பாடு?" என்றார் நடந்துகொண்டே. வீட்டில் நாலு பெண்களை வைத்துக்கொண்டு இந்த வீம்பு வேண்டிக் கிடக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன்.

கூட்டுகிற பெண்களில் முனியம்மா என்று ஒருத்தி இருந்தாள். வியாசர்பாடியிலிருந்து நடந்து வருவாள். புருஷன் படுத்த படுக்கை. அரிசி மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரிக்குக் கொஞ்சம் எடுக்கும்போதும், கொக்கி மாட்டி இழுக்கும்போதும் அரிசி சிந்தும். பாதி மண், பாதி அரிசி. அதைக் கூட்டுகிறவள் எடுத்துக்கொள்ளலாம் என்பது ரொம்ப காலத்து வழக்கம். சட்டத்தில் கிடையாது, வழக்கத்தில் உண்டு. தாவூதுக்குக் கோபம் வந்தால் பிடிப்பார், வராவிட்டால் விடுவார்.

முனியம்மா முதல் தடவை அகப்பட்டபோது, பயத்தில் முறத்துக்கு அடியில் மறைத்துக்கொண்டு வந்திருந்தாள். ரைட்டர் கண்ணை மூடினார். முறம் மடியும் இல்லை, தலையும் இல்லை. நீண்ட நேரம் யோசித்து 'ஸ்வீப்பிங்ஸ்' என்றே எழுதினார். அவள் கிளம்பும்போது, அவளைப் பாராமல் மைக்கூட்டைப் பார்த்துச் சொன்னார்.

"இனிமே கையில எடுத்துட்டுப் போ தாயி. ஒளிக்காத. ஒளிச்சா வார்த்த மாறிரும்."

அது காட்டுத்தீயாகப் பரவிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து கூட்டுகிற பெண்கள் எல்லோரும் அரிசியைத் துணியில் முடிந்து, வலது கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். சாமி கும்பிடப் போகிறவர்கள் தட்டு ஏந்திப் போகிற மாதிரி இருந்தது. தாவூதே சிரித்துவிட்டார். முனியம்மா இன்னொரு தடவை அகப்பட்டாள். அப்போதும் அதே வார்த்தை, ஒரு அதட்டலோடு போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் புதுத் துரை வந்தார். சின்ன வயது. ரிப்போர்ட்டை அடி வரைக்கும் படிக்கிறவர். வந்த பதினைந்தாம் நாள் ரைட்டரை உள்ளே கூப்பிட்டு, இதென்ன இத்தனை விதமான வார்த்தைகள், எல்லாவற்றையும் அர்த்தத்தோடு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வா என்றார்.

ரைட்டர் வெளியே வந்தபோது முகம் மாப்பிள்ளை முகமாக இருந்தது. "என் இங்கிலீஷக் கேக்காருவே! இத்தனை வருஷத்துல ஒரு துரை கேட்டதுண்டா?" என்றார்.

"எல்லாத்தையும் குடுக்கணுமா சார்?" என்று இழுத்தேன். அதற்குமேல் சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனசு வரவில்லை என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை, எனக்கு எதற்கு வம்பு என்பதுதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து இடது பக்கம் முழுவதையும் அழகான கையெழுத்தில் எழுதினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே, எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்று விளக்கம். நான் டைப் அடித்தேன். வலது பக்கத்தை மட்டும் கொடுக்கவில்லை. அந்த அளவுக்கு விவரம் இருந்தது. துரை படித்தார். பேஷ் என்று தட்டிக்கூடக் கொடுத்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது எங்கள் இருவருக்கும் அப்போது புத்தியில் தட்டவில்லை.

மூன்று வாரம் கழித்து அச்சாபீசிலிருந்து ஒரு கட்டு வந்தது. அச்சடித்த ஃபாரம். தலைப்பில் பெரிய எழுத்தில் 'தெஃப்ட்'. அடியில் பெயர், பொருள், எடை, எத்தனையாவது தடவை என்று நாலு கோடு. அவ்வளவுதான். துரை சொன்னது எனக்குக் கேட்டது. உன் பட்டியல் ரொம்ப உபயோகமாக இருந்தது, பார்த்தால் எல்லாம் ஒரே காரியம்தான் என்று தெரிந்துவிட்டது, இனிமேல் ஒரே வார்த்தை போதும் என்றார். பழைய ரிப்போர்ட் புத்தகத்தில் உள்ளதையும் ஃபாரத்தில் ஏற்றிவிடச் சொன்னார். மூன்று தடவை ஆன ஆளின் பெயர் போலீசுக்குப் போகும், அவர்கள் கேடி லிஸ்டில் சேர்த்துக்கொள்வார்கள்.

கேடி லிஸ்ட் என்றால் சும்மா இல்லை. ஜெயில் முடிந்து வந்த பிறகும் போலீஸ்காரன் வீட்டுக் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாளா என்று பார்ப்பான். குடியிருக்க வீடு கொடுக்கமாட்டார்கள். துறைமுகத்தில் எந்தக் கிடங்கும் உள்ளே விடாது. முனியம்மாவுக்குப் பழைய கணக்கில் இரண்டு தடவை ஏறிவிட்டது. இன்னொன்று அகப்பட்டால் முடிந்தது.

ரைட்டர் அந்த ஃபாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வார்த்தை எழுத அதில் இடமே இல்லை. நோட்டை மேஜை அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

வாசலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாதே! யாராவது போய், இனிமேல் கையில் எடுத்துப் போகாதீர்கள், எடுக்கவே எடுக்காதீர்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். அவர் சொல்லவில்லை. தன்னுடைய பட்டியலால் வந்த வினை என்று எந்த முகத்தோடு சொல்வார்? நான் சொல்லியிருக்கலாம். ஆபீஸ் விஷயத்தை வெளியே சொன்னான் என்று துரை காதுக்குப் போனால் என் வேலை என்ன ஆவது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாலு நாள் போயிற்று.

ஐந்தாம் நாள் துரையே வாசலில் வந்து நின்றார். சோதனை தேவைப்படவில்லை. முனியம்மா வழக்கம்போல வலது கையில் முடிச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி அவர் முன்னாலேயே வந்து நின்றாள். மற்றவர்கள் துரையைப் பார்த்ததும் முடிச்சைக் கீழே போட்டுவிட்டார்கள். இவள் போடவில்லை.

தாவூது அவளை எங்கள் அறைக்குக் கொண்டுவந்தார். அவர் முகமே சரியில்லை. பின்னால் துரை வந்து ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

ரைட்டர் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார். "மடியிலயா, தலையிலயா, கையிலயா?"

"கையிலதான் நைனா!" என்றாள் முனியம்மா. தாவூதைப் பதில் சொல்லக்கூட விடவில்லை. "நீ சொன்ன மாரியே கையிலதான் வச்சிகினு வந்தேன். துணியக்கூட அவுத்து வச்சிகினு வந்தேன், பாரு. மண்ணும் அரிசியுமா கீது. நானு ஒளிக்கல நைனா."

ரைட்டர் கண்ணை மூடினார். அரை நிமிஷம் ஆயிற்று. ஒரு நிமிஷம் ஆயிற்று. துரை ஜன்னல் கம்பியில் விரலால் தட்டினார். ரைட்டர் கண்ணைத் திறந்து, பேனாவை எடுத்து, ஃபாரத்தில் வைத்தார். முள் காகிதத்தில் அப்படியே நின்று மை ஊறிப் பரவியது. அந்தக் காகிதத்தைக் கசக்கிவிட்டு, புதுசு ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

"நீரு அடியும்வே. எனக்குக் கை வரல."

நான் அடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நான்தான் அடித்தேன். பெயர், அரிசி, எடை, மூன்றாவது தடவை. என் விரல்கள் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

"மண்ணு கலந்ததுன்னு போட்டீரா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இடமில்ல சார்."

மிஷினிலிருந்து காகிதத்தை உருவினேன். முனியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் எழுதாமல் நான் அடித்தது அவளுக்கு உறுத்தியிருக்கவேண்டும். என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இன்னா நைனா எய்திக்கீது? எப்பவும் எய்துவியே, அதே வார்த்தைதானே?"

அறையில் எல்லோரும் இருந்தோம். துரைக்குத் தமிழ் புரியாது. தாவூது தரையைப் பார்த்தார்.

"ஆமா தாயி," என்றார் ரைட்டர். "அதே வார்த்தைதான்."

அவர் சொன்ன முதல் பொய்யை நான் காதால் கேட்டேன்.

அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் தாவூதோடு போனாள். வாசலில் போலீஸ்காரன் காத்துக்கொண்டிருந்தான்.

மூன்று மாதம் கழித்து வெளியே வந்தாள். அதற்குள் புருஷன் செத்துப்போயிருந்தான். பெயர் லிஸ்டில் ஏறிவிட்டதால் எந்தக் கிடங்கிலும் சேர்க்கவில்லை. எங்கள் வாசலுக்கு எதிரிலேயே வேகவைத்த கடலைக் கூடையோடு உட்கார்ந்தாள். அவள் எங்கள்மேல் காறித் துப்பியிருந்தால் ஒருவேளை எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். அவளோ போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரைட்டரு நல்ல வார்த்ததாம்பா எய்தினாரு. அந்தத் தொர பேமானிதான் பின்னால மாத்திட்டான். ரைட்டரு என்கிட்டயே சொன்னாரே, அதே வார்த்ததான்னு!"

தினமும் அதைக் கேட்டுக்கொண்டுதான் அவர் உள்ளே போகவேண்டும், வெளியே வரவேண்டும். வேறு வழி கிடையாது, ஒரே வாசல். வேலையை விடலாம் என்று ஒருநாள் சொன்னார். மறுநாள் வந்து ஃபாரத்தை நிரப்பினார். நாலு பெண்கள் இருக்கிறார்களே. அந்த நோட்டை அவர் பிறகு வெளியே எடுத்து நான் பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமே சார் என்று நானும் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் டைப் அடித்தது யார் என்ற கேள்வியும் வருமே.

சாயங்காலம் வெளியே வரும்போது அவர் அவளிடம் கடலை வாங்குவார். அவள் சொன்ன காசைப் பேசாமல் கொடுப்பார். அவள் பொட்டலத்தைக் கட்டிவிட்டு, மேலே இன்னொரு பிடி கடலையை அள்ளி வைப்பாள்.

"வாணாம்னு சொல்லாத நைனா. நீ எனக்குச் செஞ்சதுக்கு இதுகூட செய்யலேன்னா எப்டி?"

மீன்காரிக்கு இரண்டு மீனைத் திருப்பிக் கொடுத்த மனுஷர், அந்த ஒரு பிடியைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். திருப்பினால் ஏன் என்று கேட்பாள். வாங்கிக்கொள்வார். கையில் வைத்துக்கொள்ளமாட்டார். கோட்டை விலக்கி, வேட்டி மடியில் முடிந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி விறுவிறுவென்று நடப்பார்.